சுவர்க் கடிகாரமும் அக்காவின் மூக்கும்

மார்ச் 3

அன்புள்ள வாலுக்கு,

நான் நலம். மூன்று மாதத்தில் ஒரே ஒரு கடிதம் போட்டவளிடம் நலம் விசாரிக்க மனசு வரவில்லை, போ.

திரும்பி வரச் சொல்லி மேலாளர் எழுதியிருக்கிறார். நான் வரவில்லை. பதினெட்டு வருடம் ரொட்டி அடுப்பில் நின்றவள், முந்நூறு ரொட்டியை வேகாமல் வெளியே இழுத்துப் போட்டேனே. அன்றைக்கு வாசனை பிடித்த என் மூக்கு, இன்னும் ஆகவில்லை என்றது. கடிகாரம் ஆயிற்று என்றது. கடிகாரத்தை நம்பினேன். பிறகு பார்த்தால் அது சரியாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. மணியை நான்தான் தப்பாகப் பார்த்திருக்கிறேன்.

மகள் கண் டாக்டரிடம் கூட்டிப் போனாள். கண்ணில் ஒரு குறையும் இல்லையாம். அப்படியானால் குறை தலைக்குள்தானே? இங்கே மகள் வீட்டில் என்னை அடுப்புப் பற்றவைக்க விடுவதில்லை. கதவைப் பூட்டினேனா என்று மூன்று தரம் திரும்பிப் போய்ப் பார்க்கிறேன். பயமாக இருக்கிறது.

என் இடத்தை நீ கேள். உனக்கும் நல்ல மூக்கு.

உன் அக்கா


மார்ச் 9

அன்புள்ள அக்கா,

இதைப் படித்துவிட்டு நீங்கள் கிழித்துப் போட்டாலும் சரி.

மாவில் கை வைக்கிறவர்கள் கைக்கடிகாரம் கட்டக்கூடாது, நமக்கெல்லாம் அந்தச் சுவர்க் கடிகாரம்தான். அதில் நாலு மணி ஆனதும் மேலாளரும் டீக்கு ஓடி வருவாரே, டீ வருவதற்கு முன்பே வந்து அவர் முழிப்பதைப் பார்க்கலாம் என்று முள்ளைப் பதினைந்து நிமிடம் முன்னால் தள்ளி வைத்தேன். அடுப்புக்குள்ளே உங்கள் ரொட்டி இருந்தது எனக்கு உறைக்கவே இல்லை. எல்லோரும் உங்களைச் சூழ்ந்து நின்றபோது, பயத்தில் முள்ளைத் திருப்பி வைத்துவிட்டேன்.

நீங்கள் அழுதுகொண்டே ஏப்ரனைக் கழற்றினீர்கள். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். என்ன பிறவி நான்!

நேற்று மேலாளரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பேக்கிங்கிலிருந்து தூக்கி ட்ரே கழுவப் போட்டுவிட்டார். அது போதாது.

உங்கள் கண்ணும் சரி, தலையும் சரி. அன்றைக்கு உங்கள் மூக்கு சொன்னதுதான் சரி, அக்கா.

வாலு


மார்ச் 15

வாலுக்கு,

அன்புள்ள என்று எழுத இன்னும் கை வரவில்லை.

உன் கடிதத்தைப் படித்ததும் ஓங்கி ஓர் அறை விடலாம் போலிருந்தது. மூன்று மாதம் என்னை நானே சந்தேகப்பட்டேனடி. அதைத் திருப்பி வைக்க எந்த முள்ளும் இல்லை.

கடிதம் வந்த மூன்றாம் நாள் மகளை ஒதுங்கச் சொல்லிவிட்டு, அடுப்பை நானே பற்றவைத்து சோறு வைத்தேன். அவள் கடிகாரத்தைப் பார்த்து, "இன்னும் அஞ்சு நிமிஷம் ஆகட்டும்மா" என்றாள்.

"ஆயிடுச்சு, இறக்கு" என்றேன்.

திங்கட்கிழமை வேலைக்கு வருகிறேன். உன்னோடு பேசமாட்டேன்; எத்தனை நாளைக்கு என்று இப்போது சொல்ல முடியாது. ட்ரே எல்லாம் பளிச்சென்று இருக்கட்டும், ஒரு கறை இருந்தாலும் திருப்பி அனுப்புவேன்.

சோறு பதமாக வெந்திருந்தது.

அக்கா