தானாகவே போனது

1946, மார்கழி 9, இரவு

இதை வேறு எவரிடம் சொல்ல? எனக்குத் தானாகவே மூத்திரம் போய்விட்டது! நேற்று முழுதும் அடைத்துக்கொண்டு வயிறு வீங்கிவிட்டது. இத்தனை வருடம் உப்பளத்து வெயிலில் நின்றதால் கல்லடைப்பு என்றே நினைத்தேன். காலையில் டாக்டர் குழாய் போட்டு இறக்கிவிட்டுக் கேட்டார்:

"அண்ணாச்சி, இந்த மூச்சு இழுப்புக்கு என்ன மருந்து எடுக்கிய?"

"ஊமத்தை இலையைச் சுருட்டிப் புகைக்கேன். குளிருன்னு இப்போ கொஞ்சம் கூட."

"அந்தப் புகைதான் மூத்திரத்தை அடைச்சிருக்கு. இனி தொடாதிய!"

சாயங்காலம் புறவாசலில் சத்தம் கேட்டதும் என் மனைவி உள்ளேயிருந்து, "போகுதா? என்னங்க, போகுதா?" என்று கத்தினாள். தெருவுக்கே கேட்டிருக்கும். கேட்கட்டும். நெஞ்சு லேசாக இழுக்கிறது. அதுவும் இழுக்கட்டும். இதோ, மறுபடியும் முட்டுகிறது. பேனாவாவது மையாவது!