குழாய் வாயில் பிடித்த மீன்

அன்புள்ள மருமகளுக்கு,

அத்தை எழுதுகிறேன். நீயும் வயிற்றுப் பிள்ளையும் நன்றாக இருக்க வேண்டும் என்பதைத் தவிர இந்த வீட்டில் இப்போது வேறு வேண்டுதல் இல்லை. போன் இருக்கும்போது அத்தை எதற்குக் காகிதத்தைத் தேடிப் பிடித்தாள் என்று நினைப்பாய். போன் போட்டால் உன் வீட்டுக்காரன் ஸ்பீக்கரில் வைத்துவிடுகிறான். நடுவில் புகுந்து "சாப்பிட்டியாம்மா?" என்கிறான். அவன் குரலைக் கேட்டதும் சொல்ல வந்ததை விட்டுவிட்டு வேறு எதையோ பேசிவிடுகிறேன்.

போன வாரம் பேசியபோது, நான் அனுப்பிய கருவாட்டில் புழு வைத்துவிட்டது, மிச்சம் இருப்பதைக் குப்பையில் கொட்டு என்று சொன்னேன் அல்லவா? அது பொய். என் கைபட்டுக் காய்ந்த மீனில் இன்றுவரை புழு வைத்ததில்லை. பார், இந்த நேரத்திலும் அந்தக் கர்வம் போகவில்லை. கொட்டச் சொன்னதற்குக் காரணம் வேறு. இன்னும் கொட்டவில்லை என்றால் இந்தக் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டு முதலில் போய்க் கொட்டு. டப்பாவின் அடியில் ஒரு துண்டுகூட இருக்கக் கூடாது.

மாமாவுக்கு ஆலையில் பம்ப் ஹவுஸ் வேலை என்பது உனக்குத் தெரியும். கடல் உள்வாங்கி வற்றத் தொடங்கும் நேரம் பார்த்துக் கழிவுக் குழாயின் வால்வைத் திறந்துவிட வேண்டும். ஏறுகிற நேரத்தில் திறந்தால் எல்லாம் கரைக்கே திரும்பி வரும். வற்றும்போது திறந்தால் தண்ணீர் இழுத்துக்கொண்டு போய்விடும் என்பது அவர்கள் கணக்கு. "கடல் என்ன தொட்டியா, தேங்கி நிக்கிறதுக்கு?" என்பார் மாமா. நாங்களும் நம்பினோம். அந்தக் குழாய் வாயில் தண்ணீர் எப்போதும் வெதுவெதுப்பாக இருக்கும். அதற்காக மடவை மீன்கள் கூட்டம் கூட்டமாக வந்து சேற்றை மேயும். மடவையைத் தின்னக் கொடுவா வரும். வேலிக்கு உள்ளே வெளியாட்கள் போக முடியாது. மாமா ஷிப்ட் முடிந்ததும் யாருக்கும் தெரியாமல் அங்கே தூண்டில் போடுவார். படகுக்காரர்களுக்குக் கிடைக்காத மீனெல்லாம் அவருக்குக் கிடைத்தது.

நீ முழுகாமல் இருக்கிறாய் என்று தெரிந்ததிலிருந்து மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. சின்னது மாட்டினால் திரும்பத் தண்ணீரில் விட்டுவிடுவார். பேரப்பிள்ளைக்குப் பெரியதுதான் வேண்டுமாம். நான் மட்டும் சளைத்தவளா? முதுகுச் சதையை உனக்காகத் தனியாக எடுத்துவிடுவேன். தலையும் முள்ளும்தான் எங்களுக்கு. உப்புத் தடவி, முற்றத்தில் விற்பதற்காகக் காயப்போட்டிருக்கும் மீனோடு சேர்க்காமல், தனி வலையில் பரப்பி, ஈ உட்காராமல் பக்கத்திலேயே இருந்து விசிறுவேன். "உன் மருமக என்ன மகாராணியா?" என்று பக்கத்து வீட்டுக்காரி கேலி செய்தாள். ஆமாம், அதற்கென்ன இப்போது என்றேன்.

போன மாதம் கடலாய்வுக் கூடத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். உன் வயதுதான் இருக்கும். வழக்கமாக வருகிறவர்கள் பாட்டிலில் தண்ணீர் எடுத்துக்கொண்டு போவார்கள், சுத்தமாக இருக்கிறது என்று சொல்வார்கள். இவள் சேறு வேண்டும், மீன் வேண்டும் என்றாள். சோதனைக்குத்தானே, முற்றத்தில் கிடந்த ஏதாவது ஒன்றைக் கொடுத்திருக்கலாம். என் பெருமை விடுமா? உனக்கென்று வைத்திருந்த கொடுவாவிலேயே ஒரு துண்டு நறுக்கிக் கொடுத்தேன். எங்கள் ஊர் மீன் எப்படி இருக்கும் என்று பார்க்கட்டும் என்ற திமிர்.

போன வாரம் அவளே திரும்பி வந்தாள். அந்த மீனில் பாதரசம் இருக்கிறதாம். ஆலைக் கழிவில் வந்தது எதுவும் கடலோடு போய்விடவில்லையாம், குழாய் வாய்ச் சேற்றிலேயே தங்கிவிட்டதாம். சேற்றிலிருந்து மடவைக்கு, மடவையிலிருந்து கொடுவாவுக்கு. மீன் பெரிதாக ஆக அதன் உடம்பில் இதுவும் ஏறிக்கொண்டே போகுமாம். கழுவினாலும் போகாது, உப்புப் போட்டாலும் போகாது, கொதிக்க வைத்தாலும் போகாது. யாருக்கும் நல்லதில்லை, வயிற்றில் இருக்கிற பிள்ளைக்கு மூளை வளர்கிற நேரம், அதற்குத்தான் ரொம்பக் கெடுதல் என்றாள். பிறகு, "இந்த மீனை வேற யாராவது சாப்பிட்டாங்களாம்மா? மாசமா இருக்கிறவங்க யாராவது?" என்று மெதுவாகக் கேட்டாள். இல்லை என்று சொல்லிவிட்டேன்.

என் பின்னால் மாமா சீருடையோடு நின்றுகொண்டிருந்தார். வேலிக்குள் மீன் பிடித்தது தெரிந்தால் அவர் வேலை போய்விடும். அதற்காகத்தான் மறைத்தேன் என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன், ஒட்டவில்லை. ஆமாம் என்று சொன்னால் அந்தப் பெண்ணின் முகம் எப்படி மாறும் என்று பார்க்க எனக்குத் தைரியம் இல்லை, அவ்வளவுதான். அவள் போன கையோடு உனக்குப் போன் போட்டேன். அங்கேயும் புழு என்று புளுகினேன்.

மாமா தூண்டிலை உடைத்து எறிந்துவிட்டார். ஆனால் நேற்றும் போய் வால்வைத் திறந்துவிட்டுத்தான் வந்தார். "நான் திறக்கலைன்னா இன்னொருத்தன் திறப்பான்" என்கிறார். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஆனால் பொட்டலம் கட்டி அனுப்பியது யார் என்று நினைத்ததும் அந்தக் கோபம் என் மேலேயே திரும்புகிறது. முற்றத்து வலைகளைச் சுருட்டி வைத்துவிட்டேன். படகு மீனையும் சோதித்துச் சொல்லட்டும், அதுவரை யாருக்கும் விற்பதாக இல்லை.

நீ நாளைக்கே டாக்டரிடம் போ. இந்தக் கடிதத்தை அப்படியே காட்டு. இரத்தமும் கொஞ்சம் தலைமுடியும் எடுத்துச் சோதிக்கலாமாம். எந்த இடத்து மீன் என்று கேட்டால் மாமாவுக்காக எதையும் மறைக்காதே. நானும் அந்தப் பெண்ணைத் தேடிப் போய் உண்மையைச் சொல்லப் போகிறேன். மாமாவிடம் அனுமதி கேட்கவில்லை, தகவல் மட்டும் சொன்னேன். தலையை ஆட்டினார். வேலை போனால் போகட்டும். உன் வீட்டுக்காரனிடமும் படிக்கக் கொடு. அவன் என்னைத் திட்டினால் நடுவில் போய்த் தடுக்காதே.

கல்யாணமான புதிதில் மீன் வாடை வந்தாலே நீ மூக்கைப் பொத்திக்கொண்டு மாடிக்கு ஓடுவாய். அதற்கு நான் பேசாத பேச்சா? அப்படிப்பட்டவள் ஒவ்வொரு பொட்டலம் வந்ததும் போன் செய்து, "ரொம்ப ருசியா இருந்துச்சு அத்தை, எல்லாத்தையும் சாப்பிட்டுட்டேன்" என்பாய். அதைத் தெருவெல்லாம் சொல்லிப் பூரித்துப் போனேன். என் நச்சரிப்புத் தாங்காமல்தானே சாப்பிட்டாய், கண்ணு? எந்தப் பாவமும் அறியாத பிள்ளைக்கு ஊட்டுவதாக நினைத்து நான் என்ன காரியம் செய்துவிட்டேன்.

உன்னைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன். நீ அதில் ஒரு துண்டுகூடத் தின்னவில்லை, இந்தக் கிழவி மனசு நோகக் கூடாது என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவைத்தாய், பிரிக்காமலே தூக்கி எறிந்தாய் என்று ஒரு வார்த்தை எழுது. சத்தியமாகக் கோபப்பட மாட்டேன். இத்தனை மாதமும் நீ என்னை ஏமாற்றியிருக்க வேண்டும் அம்மா.

இப்படிக்கு,
உன் அத்தை