நாற்காலிக்காரி பெரிய ஆளாகிவிட்டாள்

ஜூன் 3, செவ்வாய்

காலை முழுவதும் நாற்காலி கழுவினோம். நேற்றைய பிறந்தநாள் வீட்டில் பிள்ளைகள் கேக்கை வாயால் சாப்பிட்டதாகத் தெரியவில்லை. நாற்காலிகள்தான் சாப்பிட்டிருக்கின்றன. நாத்தனார் குழாயைப் பிடித்தாள், நான் தேய்த்தேன். வாடகைக் கடையை நாங்கள் இருவரும் ஆரம்பித்த நாளிலிருந்து இதே முறைதான். அவள் தண்ணீர், நான் பிரஷ். இடம் மாறினால் சண்டை வரும்.

சனிக்கிழமைக்கு ஓர் ஆர்டர். 'சாதனைப் பெண்கள் சங்கமம்' என்று ஒரு கூட்டம். பெண்கள் ஒவ்வொருவராக மேடையேறித் தங்கள் வாழ்க்கைப் பயணத்தைச் சொல்வார்களாம்.

"பயணம்னா நடந்துக்கிட்டே சொல்ல வேண்டியதுதானே, சேர் எதுக்கு?" என்றாள் நாத்தனார்.

"வாயை மூடு, ஆர்டர் கைவிட்டுப் போயிடப் போகுது" என்றேன்.

ஜூன் 7, சனி

என்ன நடந்தது என்று எனக்கே இன்னும் சரியாகப் புரியவில்லை. எழுதிப் பார்த்தால் புரியுமோ என்னவோ.

மேடையில் ஒரு நாற்காலி குறைகிறது என்றார்கள். கொண்டுபோய்ப் போட்டேன். கால் ஆடுகிறதா என்று குனிந்து அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்துப் பேச வேண்டிய அம்மாள் வண்டி பழுதாகி வழியிலேயே நின்றுவிட்டாராம். அது அறிவிப்பாளருக்குத் தெரியாது. "அடுத்து, விழுந்தாலும் எழுந்து நின்ற நம் சாதனையாளர்!" என்று கூவிவிட்டுத் திரும்பினார். அந்த நேரம் பார்த்து எழுந்து நின்றவள் நான். மைக்கைக் கையில் திணித்துவிட்டார்.

"எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க, நான் சேர் போட வந்தவ" என்றேன். அரங்கமே அதிரக் கைதட்டியது.

கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தெரிந்ததைச் சொன்னேன். பின்னால் சாயாதீர்கள், கால் வழுக்கிவிடும். வெயிலில் நாள்கணக்கில் போட்டால் வெடித்துவிடும். உடம்பு கொஞ்சம் கனமாக இருப்பவர்கள் ஒரு நாற்காலிக்குள் இன்னொரு நாற்காலியைச் செருகி உட்காருங்கள், எந்தப் பாரத்தையும் தாங்கும், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

முன்வரிசையில் ஒரு வங்கி அதிகாரி கைக்குட்டையை எடுத்து அழுதார். "இதை எனக்கு யாருமே சொன்னதில்ல" என்றார். அப்படி ஒன்றும் கனமானவராகவும் தெரியவில்லை.

ஒருங்கிணைப்பாளர் அம்மாள் ஓடி வந்து கட்டிக்கொண்டார். "இத்தனை வருஷத்துல இப்படி ஒரு ஆழமான பேச்சை நான் கேட்டதே இல்லம்மா!" கையில் ஒரு கண்ணாடிக் கேடயம் கொடுத்தார். வராத அம்மாளின் பெயர் அதில் இருந்தது. அதன்மேல் ஒரு ஸ்டிக்கர் ஒட்டி, 'நாற்காலியம்மா' என்று பேனாவால் எழுதிவிட்டார்.

வண்டியில் திரும்பும்போது நாத்தனார் விழுந்து விழுந்து சிரித்தாள். நானும்தான்.

ஜூன் 9, திங்கள்

பேச்சை யாரோ படம் பிடித்துப் போட்டுவிட்டார்கள். எல்லோருடைய கைப்பேசியிலும் நான் பின்னால் சாயாதே, பின்னால் சாயாதே என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். என் கணவருக்கு அவருடைய மூக்குக்கண்ணாடிக் கடையிலேயே ஒரு வாடிக்கையாளர் காட்டினாராம். "என் சம்சாரம்தாங்க" என்று இவர் சொல்லியிருக்கிறார். அவர் நம்பவில்லையாம்.

உள்ளுக்குள் குளுகுளுவென்றுதான் இருக்கிறது. பொய் சொல்வானேன்.

ஜூன் 14, சனி

இரண்டாவது மேடை. ஒருங்கிணைப்பாளர் காலையிலேயே வீட்டுக்கு வந்து என்னைத் 'தயார்' செய்தார்.

"உங்க பயணத்துல பெரிய அடி எப்ப விழுந்தது?"

யோசித்துப் பார்த்தேன். ஒரு முறை லாரியிலிருந்து ஓர் அடுக்கு சரிந்து தோளில் விழுந்தது. அது போதாதாம். பசியில் தூங்காத இரவு உண்டா என்றார். எனக்குப் படுத்தால் தூக்கம் வந்துவிடும். குடிகாரக் கணவரா என்றார். இவர் அப்போது அடுக்களையில் அவருக்குத்தான் டீ போட்டுக்கொண்டிருந்தார். நல்லவேளை, காதில் விழவில்லை.

கடைசியில் அவரே ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். அதில் நான் தனியாளாக, யார் துணையும் இல்லாமல், ஒற்றை நாற்காலியில் தொடங்கி இந்த இடத்துக்கு வந்திருந்தேன். "நாத்தனாரும் நானும் சேர்ந்துதாங்க..." என்று இழுத்தேன். "மேடையில ரெண்டு பேர் நின்னா கண்ணீர் வராதும்மா" என்றுவிட்டார்.

படித்தேன். கண்ணீர் வந்தது, எல்லோருக்கும். பின்வரிசையில் நாத்தனார் மட்டும் நாற்காலிகளை நேராக்கிக்கொண்டிருந்தாள். திரும்பும்போது வண்டியில் யாரும் சிரிக்கவில்லை. ஓட்டுநர் பாட்டுக்கூடப் போடவில்லை.

ஜூன் 20, வெள்ளி

கல்யாண மண்டப மேலாளர் அடுத்த வார ஆர்டரை வேண்டாம் என்றுவிட்டார். ஏதும் குறையா என்று பதறிப்போய்க் கேட்டேன்.

"ஐயையோ! குறையா? உங்களைப் போய் சேர் தூக்க வெக்கறதா? என் வாய் வெந்து போகாதா? உங்க எதிர்க்கடையிலயே சேருக்குச் சொல்லிட்டேங்க. நீங்க கல்யாணத்துக்கு வந்து முன்னாடி உக்காருங்க, அதுவே எங்களுக்குப் பெருமை."

ஜூன் 27, வெள்ளி

இந்த வாரம் பேசக் கூப்பிட்டவர்கள் நான்கு பேர். நாற்காலி கேட்டவர் ஒருவரும் இல்லை.

ஜூலை 1, செவ்வாய்

கடையில் ஈ ஓட்டுகிறோம். அந்த ஈக்களும் எதிர்க்கடைக்குப் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது.

அடுத்த தெருவில் ஒரு பெரியவர் இறந்துவிட்டார் என்று கேள்விப்பட்டு நானே போனேன். துக்க வீட்டுக்கு எப்படியும் நாற்காலி வேண்டும், கூச்சம் பார்க்காமல் கேட்டுவிடுவோம் என்று. வாசலில் மகன் தூணில் தலையை முட்டி அழுதுகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் நிறுத்திவிட்டார்.

"நீங்க... நாற்காலியம்மாதானே? அப்பா உங்க வீடியோவைப் பாத்துட்டேதாங்க இருந்தாரு, கடைசி வரைக்கும்!"

உள்ளே இழுத்துக்கொண்டு போனார்கள். பிணத்தின் அருகே நிற்க வைத்துப் படம் எடுத்தார்கள். மருமகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ரெண்டு வார்த்தை பேசுங்கம்மா, எங்களுக்கும் தைரியமா இருக்கும்" என்றாள். என்ன பேச? பின்னால் சாயாதீர்கள் என்றா? நாற்காலி வேண்டுமா என்று கேட்க வாயெடுப்பதற்குள் ஒன்றை இழுத்துப் போட்டு என்னை உட்கார வைத்தார்கள். எதிர்க்கடை நாற்காலி. சரியாகக் கழுவவில்லை, கை வைத்தால் பிசுபிசுவென்று ஒட்டுகிறது.

ஜூலை 5, சனி

இன்றைக்கு உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்துதான் மேடையேறினேன். தாளைக் கிழித்துப் போட்டேன். அதற்கே ஒரு கைதட்டல்.

"எங்க கடை முங்கிக்கிட்டு இருக்குங்க. நீங்க கூப்பிட்டு கூப்பிட்டுப் பேச வெக்கறதாலதான் முங்குது. எங்களுக்கு மேடை வேணாம். சேர் ஆர்டர் குடுங்க. என் நம்பர் சொல்றேன், எழுதிக்குங்க" என்றேன்.

எண்ணைச் சொன்னேன். ஒவ்வொரு இலக்கத்துக்கும் கைதட்டினார்கள். 'தோல்வியை ஒப்புக்கொள்ளும் துணிவு' என்று ஒருங்கிணைப்பாளர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு மைக்கில் சொன்னார். இன்னொரு கேடயம், முன்னதைவிடப் பெரியது.

வீட்டில் இவர் அதை வைக்க இடம் தேடினார். குளிர்சாதனப் பெட்டியின் தலையில் இடமில்லை, அலமாரியில் துணிக்கு இடமில்லை. "இன்னும் ரெண்டு வந்தா நாம வெளியதான் படுக்கணும்" என்றார்.

சாயங்காலம் ஒரே ஓர் அழைப்பு வந்தது. ஓடிப்போய் எடுத்தேன். ஒரு கல்லூரி ஆசிரியை. அந்த எண்ணின் உள்ளர்த்தம் என்ன என்று கேட்டார்.

ஜூலை 8, செவ்வாய்

நாத்தனார் போய்விட்டாள்.

காலையில் வந்தாள், குழாயைச் சுருட்டி ஆணியில் மாட்டினாள். "எதிர்க்கடையில ஆள் கேக்கறாங்க அண்ணி. நாளையிலிருந்து வரச் சொல்லியிருக்காங்க."

"அங்கயா? அந்த பிசுபிசு சேரையா தூக்கப் போற?"

"தூக்கறதுக்கு அங்கதானே சேர் இருக்கு. எனக்குப் பொண்ணு படிக்குது. கேடயத்தைக் காட்டினா காலேஜுல சேத்துக்குவாங்களா?"

படிவரை போனவள் திரும்பினாள். "நீங்கதான் தனியாளா தூக்குனவங்களாச்சே. தூக்குங்க."

எழுதிக் கொடுத்ததைப் படிச்சேன், அவ்வளவுதானே! இதுக்குப் போயா? ஒரு வரி, ஒரே ஒரு வரி. ஆனா எல்லாரும் அழுதப்போ எனக்குப் பிடிச்சிருந்ததே, அது என்ன? அவ பின்னாடி நிக்கறான்னு தெரிஞ்சும் பிடிச்சிருந்ததே. இத்தனை வருஷம் எனக்கு எதிர்ல நின்னு மேசையோட அந்தப் பக்கத்தைப் பிடிச்சவ. எனக்குக் கோபம் அவ மேல இல்ல.

ஜூலை 9, புதன்

மேசை தூக்க இரண்டு பேர் வேண்டும்.

ஜூலை 13, ஞாயிறு

தனியாளாக ஓர் அடுக்கை நகர்த்திப் பார்த்தேன். பாதி வழியில் சிக்கிக்கொண்டது. பின்னாலும் போகவில்லை, முன்னாலும் போகவில்லை. அதைக் கட்டிப்பிடித்தபடியே நின்றேன். வழியில் போன இரண்டு பெண்கள் படம் எடுத்துக்கொண்டு, கும்பிட்டுவிட்டுப் போனார்கள். ஒரு கை பிடிக்கத் தோன்றவில்லை பாவிகளுக்கு.

ஜூலை 19, சனி

மதியம் கதவு தட்டும் சத்தம். நாத்தனார். உள்ளே வந்து, கேடயங்களை ஒதுக்கிவிட்டு உட்கார்ந்தாள்.

"அந்தக் கடைக்கு வர்றவங்க என்ன சொல்றாங்க தெரியுமா அண்ணி? 'அந்தம்மா சேர்தான் சுத்தமா இருக்கும், ஆனா அவ்வளவு பெரியவங்ககிட்ட எப்படிக் கேக்கறது'ன்னு. பத்துப் பேராவது சொல்லிட்டாங்க. எல்லாருக்கும் நம்ம சேர்தான் வேணும். நீங்கதான் வேணாம்."

"அதுக்கு?"

"நீங்க போயிடணும்."

"எங்க?"

"எங்கயும் வேணாம். வெளிநாட்டுக்குப் போயிட்டீங்க, கடையை எனக்குக் குடுத்துட்டீங்கன்னு நான் சொல்லிக்கறேன்."

"அப்ப நான் கடைக்கே வரக் கூடாதா?"

"வராம? மேசைக்கு அந்தப் பக்கம் யார் பிடிக்கறது? தலையில ஒரு துண்டைக் கட்டிக்கிட்டு வாங்க. சேர் தூக்கறவ மூஞ்சிய எவன் பாக்கறான்?"

அழுதுவிட்டேன். இவ்வளவு நாள் அடக்கி வைத்ததெல்லாம் வந்தது. அந்த வரியைப் படித்திருக்கக் கூடாது என்றேன். "படிக்கத் தெரிஞ்ச உங்களுக்கு அதை அடிக்கத் தெரியலையா?" என்றாள். பிறகு அவளும் மூக்கைச் சிந்தினாள். இவர் மூன்று பேருக்கும் டீ போட்டுக் கொண்டுவந்தார். வைக்க இடமில்லாமல் அந்தப் பெரிய கேடயத்தின் மேலேயே வைத்தார்.

ஜூலை 22, செவ்வாய்

புதுப் பலகை மாட்டியாயிற்று. 'புதிய நிர்வாகம்' என்று பெரிதாக. ஓட்டுநருக்கு விஷயத்தைச் சொன்னோம். "அப்ப இனிமே உங்களை என்னன்னு கூப்பிடறது?" என்று கேட்டார். "'ஏம்மா'ன்னு கூப்பிட்டாப் போதும்" என்றாள் நாத்தனார்.

மத்தியானமே மண்டப மேலாளர் வந்தார். நாத்தனாரிடம், "அந்தம்மா போனது நம்ம ஊருக்கே நஷ்டம்" என்று கண்கலங்கினார். கலங்கிய கண்ணோடு, தலையில் துண்டு கட்டி நின்ற என்னிடம் திரும்பி, "ஏம்மா, உடைசல் சேர் எதுவும் வந்துடக் கூடாது, பாத்து ஏத்து" என்றார்.

"சரிங்க" என்றேன். தேன் குடித்த மாதிரி இருந்தது.

ஆகஸ்ட் 16, சனி

சாதனைப் பெண்கள் சங்கமத்துக்கு நாற்காலி போட்டோம். இந்த மாதத்தில் இது பதினோராவது ஆர்டரோ பன்னிரண்டாவதோ. நாத்தனாரின் மகளுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது.

ஒருங்கிணைப்பாளர் என்னைத் தாண்டி நான்கு முறை போனார். ஒரு முறை நின்று, "வேலை முடிஞ்சதும் ஓடிடாதேம்மா. பின்னாடி நின்னு கேளு. உன்ன மாதிரி பொண்ணுங்களுக்குத்தான் இது வேணும்" என்றார். நல்ல மனசுதான் அவருக்கு.

நின்றோம். விளக்கை அணைத்தார்கள். 'கடல் கடந்து சென்ற நம் நாற்காலியம்மா' என்று பெரிய திரையில் நான் வந்தேன். வீட்டுக் கதவளவு முகம். திரையிலிருந்த அந்த அம்மாள் தனியாளாக, யார் துணையும் இல்லாமல் என்று ஆரம்பித்ததும், இருட்டில் நாத்தனார் என் விலாவில் முழங்கையால் ஓர் இடி இடித்தாள். வலித்தது. வாங்கிக்கொண்டேன்.

பக்கத்தில் அரங்கத்தைப் பெருக்கும் பெண் துடைப்பத்தில் சாய்ந்து திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து என் காதருகே வந்து சொன்னாள்: "நீ வேணா பாருக்கா, இந்தம்மா வாழ்க்கையில ஒரு சேர் கூடத் தூக்கியிருக்காது."

"ஆமா," என்றேன். "கையைப் பாத்தாலே தெரியுது."

பேச்சு முடிந்தது. அரங்கம் முழுக்க எழுந்து நின்று கைதட்டியது. உட்கார எப்படியும் நேரமாகும் என்று தெரிந்ததால், நாத்தனார் அந்தப் பக்கமும் நான் இந்தப் பக்கமுமாகப் பின்வரிசையை அடுக்க ஆரம்பித்தோம்.