ஆளுக்குப் பாதி

3.11.82, புதன்

விடாத மழை. பெண்கள் வார்டு ஓடு இரண்டு இடத்தில் ஒழுகல். கட்டில்களை இழுத்துப் போட்டதில் இடுப்புப் பிடிப்பு. மண்ணெண்ணெய் வாங்கப் போகவில்லை. ராத்திரிக்கு பன்னும் வெந்நீரும்.

மதுரையிலிருந்து சளிப் பரிசோதனை முடிவுகள், ஒருவழியாக. யார் கிருமிக்கு எந்த மருந்து கேட்கும், எது கேட்காது என்று எழுதி அனுப்புவார்கள். டாக்டர் வாசிக்க வாசிக்க நான் கேஸ் தாளில் ஏற்றினேன். கேட்காது. கேட்காது. கேட்காது. கை சலித்துவிட்டது. நான் வேலைக்கு வந்த புதிதில் இப்படி ஒரு நோயாளி வந்தால் பெரிய டாக்டர்களெல்லாம் வந்து பார்ப்பார்கள். இப்போது காசநோய் வார்டில் மருந்து கேட்கிற ஆளைத்தான் தேட வேண்டியிருக்கிறது.

டா. சொன்னார்: "எல்லாம் பாதியில விட்டவங்க சிஸ்டர். அரைகுறையா மருந்தக் குடுத்து கிருமிக்குப் பழக்கி விட்டுட்டோம்."

செல்லத்தாயிக்கு நம்மிடம் இருக்கிற மருந்து ஒன்றுமே கேட்காது. ஆண்கள் வார்டில் இருக்கும் அவள் புருஷன் முத்தையாவுக்கு ஊசி மட்டும் கேட்காது, மற்றது கேட்கும். பூப்பாறைப் பக்கம் ஏலத்தோட்டத்தில் கூலி இரண்டு பேரும். அவளுக்கு முப்பதுகூட இருக்காது.

5.11, வெள்ளி

மழை இல்லை. மலை முழுக்க மேகம்.

செல்லத்தாயியிடம் கேட்டேன், "முந்தி வந்தப்போ பை நெறைய மாத்திரை குடுத்து அனுப்பினேனே, என்னடி பண்ணின?"

ஒளிவுமறைவே இல்லை. "லைன் வீடுகள்ல இருமுறவுகளுக்கு ஆளுக்கு ஒண்ணு குடுத்தேங்க்கா. காய் எடுப்பு நேரம். படுத்துட்டா கங்காணி வீட்டக் காலி பண்ணச் சொல்லிருவான். அவருக்கு எப்பவும் பாதி."

"ஒனக்குன்னு குடுத்த மருந்துடி!"

"மழ மாசத்துல ஒரு வீட்ல அரிசி இருந்தா லைனுக்கே கஞ்சி. மாத்திரைய மட்டும் எப்பிடிக்கா ஒளிச்சு வச்சுத் திங்கிறது?"

கத்தித் தீர்த்துவிட்டேன். பக்கத்துக் கட்டில்காரிகள் எழுந்து உட்கார்ந்துகொண்டார்கள். அவளுக்கு இருமல் வந்தது, துணியில் ரத்தம். வாயை மூடிக்கொண்டு வெளியே வந்தேன். அந்தத் தோட்டத்து லைனின் பத்துக்குப் பத்து அறைகளில் யாரைத் திட்டி என்ன ஆகப் போகிறது.

9.11, செவ்வாய்

ராசிங்காபுரத்திலிருந்து அண்ணன் வந்தான். கேட்டுக்கு வெளியிலேயே நின்றான். மகளுக்குக் காதுகுத்து. "வாத்தா, வராம இருக்காத" என்றான். போகிற போக்கில், "பிள்ளைகளத் தூக்க வேணாம். ஒங்க மதினி சங்கடப்படுவா." பதினாறு வருஷம் இந்த வார்டில் கிடக்கிறேன், எனக்கு ஒரு சளிகூடப் பிடித்ததில்லை. நான் போகப் போவதில்லை. காதுகுத்தாவது, ஒண்ணாவது.

வாங்க வேண்டியது: குடைக் கம்பி, தலைவலித் தைலம், நீல நூல்.

11.11, வியாழன்

டா. மதுரைக்கு நடையாய் நடந்து சிவப்பு மாத்திரை கொண்டுவந்துவிட்டார். குப்பி மாத்திரை, உள்ளே பொடி. புதுசு, விலை அதிகம். ஒரு ஆளுக்குத்தான் கிடைத்தது. முத்தையாவுக்கு என்று எழுதினார்.

"செல்லத்தாயிக்கு சார்?" என்றேன்.

"துணைக்கு வேற ரெண்டு மருந்து கேட்டாத்தான் இது நிக்கும் சிஸ்டர். அவளுக்குத் துணை மருந்தே இல்ல. தனியாக் குடுத்தா நாலு மாசத்துல இதுவும் கேக்காது."

நியாயம்தான். அவளுக்குப் பழைய மாத்திரையே தொடரட்டும் என்றார், அவள் மனசுக்காக.

18.11, வியாழன்

ஆயா ராக்கம்மா ஓடி வந்தாள். "சிஸ்டர், அந்த மலைக்காரப் பிள்ளை செல்லத்தாயிக்கு ஒண்ணுக்கு செவப்பாப் போகுது. கீழயும் ரத்தம் போலருக்கே!"

பதறிப் போய்ப் பார்த்தேன். ரத்தமில்லை. நல்ல செம்மஞ்சள். அந்தச் சிவப்பு மாத்திரை தின்றால் மூத்திரம் இப்படித்தான் போகும். முத்தையாவுக்குப் போக வேண்டியது. இவளுக்கு எப்படிப் போகும்?

சாயங்காலம் குழாயடியில் கண்ணால் பார்த்தேன். முத்தையா காலையில் என் எதிரில் வாயில் போட்டு நாக்குக்கு அடியில் ஒதுக்கியிருக்கிறான், பாவி. குப்பியைப் பிரித்துப் பொடியை இரண்டாக்கி வெல்லத்தில் உருட்டி, அவளுக்கு ஒன்று, அவனுக்கு ஒன்று. அவள் தின்று முடிக்கும் வரை பக்கத்திலேயே நின்றான்.

19.11, வெள்ளி

டா. குதித்த குதி! மருந்தை நிறுத்திவிடுவேன் என்றார். முத்தையா தலையைக் குனிந்துகொண்டே, "அந்தப் பக்கம் அவ இருமுறது சுவரு வழியாக் கேக்குது சார். நான் மட்டும் முழுங்கிட்டுப் படுத்துக்கிறதா?" டா. அறைக்குப் போய்விட்டார்.

அப்புறம் நான் செல்லத்தாயியிடம் போய் உடைத்துச் சொன்னேன். சொல்லாமல் முடியாது. "ஒனக்கு எந்த மருந்தும் கேக்காது தாயி. அவருக்குக் கேக்கும். நீ பாதி தின்னா அவருக்கும் கேக்காமப் போயிரும்."

"முழுசாத் தின்னா பொழச்சுக்கிருவாராக்கா?"

"பொழச்சுக்கிருவாரு."

அவள் சேலை முந்தானையை முறுக்கிக்கொண்டே இருந்தாள். எனக்கு அங்கே நிற்க முடியவில்லை. ஊசிகளைக் கொதிக்கப் போட வேண்டும் என்று சாக்குச் சொல்லி வந்துவிட்டேன்.

22.11, திங்கள்

தூறல். காலையில் டூட்டிக்கு வந்ததும் செல்லத்தாயி வாசலில். குளித்து, தலை சீவி, பொட்டு வைத்து.

"என்னய அனுப்பிருங்கக்கா. நான் இங்க இருக்குற மட்டும் அவரு முழுசாத் திங்க மாட்டாரு. எனக்கு மருந்து கேட்டிருச்சுன்னு அவருகிட்டச் சொல்லி அனுப்புங்க."

மலைக்குப் போகாதே, லைனில் பிள்ளைகுட்டி இருக்கிறது என்றேன். சிலமலையில் அவள் அண்ணன் தோட்டக் காவலாளி, மோட்டார் ரூம் காலியாகக் கிடக்கிறதாம், தனியாக இருந்துகொள்வாளாம். எல்லாம் யோசித்துத்தான் வந்திருக்கிறாள். டா. டிஸ்சார்ஜ் தாளில் கையெழுத்துப் போட்டார்.

ஆண்கள் வார்டு ஜன்னலில் நின்று சிரித்த முகமாக, "எனக்குக் கேட்டிருச்சாம்ல! சிஸ்டர் சொல்லிட்டாக. அண்ணன்கிட்டப் போறேன். நீங்க முழுசாத் தின்னுட்டு வெரசா வந்து சேருங்க" என்றாள். முத்தையா என்னைப் பார்த்தான். நான் தலையாட்டினேன். அவனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பக்கத்துக் கட்டில் கிழவரை எழுப்பிச் சொன்னான்.

கட்டடம் திரும்புகிற வரைக்கும் இருமலை அடக்கிக்கொண்டே நடந்தாள். திரும்பியதும் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். பஸ் ஸ்டாண்டு வரை கூடப் போனேன். "பக்கத்துல வராதீகக்கா" என்று பஸ்ஸில் ஏறும்போதும் என்னை எட்டி நிற்கச் சொன்னாள். பஸ் போன பிறகு அழுதேன். வார்டில் அழ முடியாது, பயந்துபோவார்கள்.

30.11, செவ்வாய்

முத்தையா எடை ஏறியிருக்கிறான். மூத்திரம் நல்ல சிவப்பு. சளி குறைவு. டா. முகத்தில் இன்றைக்குத்தான் சிரிப்பு. நான் குடியிருக்கிற வீட்டுக்காரம்மா தண்ணீர் பிடிக்க எனக்கு என்று தனிச் சொம்பு வைத்திருக்கிறாள். இன்றைக்குத்தான் கவனித்தேன்.

நேற்று சேர்ந்த இரண்டு பேரும் மலைக்காரர்கள். முன்பே மாத்திரை தின்றிருக்கிறீர்களா என்றதற்கு, "பக்கத்து வீட்ல குடுத்தாக" என்றார்கள்.

7.12, செவ்வாய்

பனி ஆரம்பித்துவிட்டது. சிலமலையிலிருந்து செல்லத்தாயி அண்ணன். மொட்டைத் தலை. பார்த்ததுமே தெரிந்துவிட்டது. சனிக்கிழமை விடியக் கருக்கலில் போய்விட்டாள். சொல்லிவிட வேண்டாம் என்று சத்தியம் வாங்கியிருக்கிறாள், அதனால் எரித்துவிட்டுத்தான் வந்திருக்கிறார்.

"எப்பிடியும் மாப்ளகிட்டச் சொல்லணும்ல சிஸ்டர். நாளப்பின்ன என்னையக் கேப்பாருல்ல?"

"இப்ப வேணாம்ணே. அவரு கோர்ஸ் முடியட்டும்." என் குரல்தான். எங்கிருந்து வந்ததோ. அவர் வேட்டியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மாப்பிள்ளையைப் பார்க்காமலே போய்விட்டார்.

8.12, புதன்

ராத்திரி தூக்கமில்லை. குளிர். குடை இன்னும் ரிப்பேர் ஆகவில்லை.

காலை மாத்திரை. முத்தையா கையை நீட்டிக்கொண்டே, "நேத்து எங்க மச்சான் கேட்டுப் பக்கம் வந்தாருன்னு ராக்கம்மா சொல்லுச்சு. அவ எப்பிடி இருக்காளாம்?"

"நல்லா இருக்காளாம்."

"இருமல்?"

"இல்லையாம்."

சிரித்தான். குரலை இறக்கி, "டாக்டரு என்னையப் போட்டு அந்தத் திட்டு திட்டினாரே. நான் குடுத்த பாதிலதான சிஸ்டர் அவ பொழச்சா?"

ஆமாம் என்றேன். மாத்திரையை முழுசாக விழுங்கிவிட்டு, நான் கேட்காமலே வாயைத் திறந்து காட்டினான்.