அண்ணா, உன் படகை வெட்டினேன்

என் பிரிய அண்ணாவுக்கு,

இங்கே நம் ஊர் பேர்லேண்டில் வெயில் மண்டையைப் பிளக்கிறது. ஹூஸ்டன் ஆஸ்பத்திரி வேலையை உதறிவிட்டு, அலாஸ்காவின் வடகோடித் தீவுக்கு டாக்டராகப் போனாயே, அன்று அம்மா திட்டியது நினைவிருக்கிறதா?

உன் உடலை வாங்க நான்தான் போனேன். மூடுபனி விலகி விமானம் இறங்கியபோது ஒரு மரம்கூடக் கண்ணில் படவில்லை. கூழாங்கல் கரை, கருத்த பாறை மலை, கடலைப் பார்த்தபடி ஒரு வரிசை வீடுகள். இதற்காகவா எங்களை விட்டுப் போனாய்?

உன்னை வேட்டைக்குக் கூட்டிப்போன படகுத் தலைவர் நீ தங்கியிருந்த வீட்டு வாசலில் நின்றார். நேராகப் போய் அறைந்தேன். அவர் முகத்தைத் திருப்பவில்லை. வால்ரஸ் என்னும் பெரிய கடல்விலங்கு படகுக்குள் பாய்ந்ததையும், நீ அவரைப் பின்னால் இழுத்துப் போட்டதையும், அதன் தந்தம் உன் நெஞ்சில் இறங்கியதையும் ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னார். மறுபடி அறைந்தேன்.

அங்கே ஒரு வழக்கம், உனக்குத் தெரிந்திருக்கும். படகில் ஓர் உயிர் போனால், இறந்தவரின் வீட்டார் தங்கள் கையால் தள்ளிவிடும்வரை அது கடலில் இறங்காது. குளிர்காலத்து இறைச்சிக்கு அவர்கள் நம்பியிருந்தது அந்தப் படகைத்தான். அம்மாவுக்கு போன் செய்தேன்.

"நீ தள்ளாதடி. என் புள்ளைய தின்ன போட் அது. உடைச்சுப் போட்டுட்டு வா."

பக்கத்தில் கிடந்த ஒரு கோடரியை எடுத்தேன். தோல் படகு, முதல் வெட்டிலேயே கிழிந்தது. வெறி அடங்கும்வரை வெட்டினேன். ஊரே பார்த்து நின்றது, ஒருவரும் என் கையைப் பிடிக்கவில்லை. நான் சோர்ந்து உட்கார்ந்ததும், பெண்கள் ஊசியும் விலங்கு நரம்பில் திரித்த நூலும் கொண்டுவந்து தைக்கத் தொடங்கினார்கள்.

மூடுபனியால் திரும்பும் விமானம் சில நாள் வரவில்லை. அதற்குள் தைத்து முடித்து, படகைக் கரைக்கு இழுத்து வந்து, எனக்காகக் காத்திருந்தார்கள். எல்லாம் நீ மருந்து கொடுத்த முகங்கள். அவர்களைப் பட்டினி போட மனம் வரவில்லை, தள்ளிவிட்டேன்.

வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மா கேட்டாள். "வெட்டுனியா, தள்ளுனியா?"

"ரெண்டும் பண்ணேன்மா."

பளாரென்று அறைந்தாள். கன்னத்தைப் பிடித்தபடி நின்றேன். பிறகு அவளே கேட்டாள். "தையல் டைட்டா இருந்துதா? செக் பண்ணியா? அதுலதானே அந்த ஊர்ப் புள்ளைங்க போகணும்."

நான் பார்க்கவில்லை அண்ணா. அடுத்த கோடையில் உன் அஸ்தியோடு அம்மாவை அந்தத் தீவுக்குக் கூட்டிப்போகிறேன். அவள் ஒவ்வொரு தையலையும் இழுத்துப் பார்த்த பிறகே அந்தப் படகு மறுபடி கடலில் இறங்கும்.

அம்மாவின் கோபத்தை அப்படியே கொண்ட,
உன் தங்கை