கல்லை மட்டும் நகர்த்தினேன்

மே 6, 2014, செவ்வாய்

எண்பது நண்டுக் கூண்டு தூக்கினேன், பாதி காலி. தோள்பட்டை போயே போச்சு. வீட்டுக்கு வந்தால் வாசல் புல்லில் மறுபடியும் உப்புத் தண்ணீர். கோழிக்கூடு வரை வந்து திரும்பியிருக்கிறது.

என் மனைவி நோரீனின் தங்கை லூயிஸ் அக்கரையில் கிரிஸ்ஃபீல்டிலிருந்து எழுதியிருக்கிறாள். மாடியில் இரண்டு அறையும் சும்மாதான் கிடக்கிறதாம், எப்போது கரைக்கு வரப்போகிறீர்கள் என்று கேட்கிறாள். என்னைக் கேட்டால் நாளைக்கே போவேன். இந்தத் தீவோடு மல்லுக்கட்டி அலுத்துவிட்டது. நோரீன்தான் அசைய மாட்டேன் என்கிறாள்.

மே 7

அசைந்துவிட்டாள். பாத்திரம் கழுவிக்கொண்டே, திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னாள்:

"நம்ம பொண்ணு ரூத் ஆனையும் எடுத்துட்டுப் போறதா இருந்தா வர்றேன். அவள விட்டுட்டு வர மாட்டேன்."

எடுத்துக்கொண்டு போகலாம் என்றேன். என் வாயில் கொள்ளியைத்தான் வைக்க வேண்டும்.

மே 9

இங்கேயாவது எழுதிவிடுகிறேன்.

மேடான நிலம் கொஞ்சம்தான் என்பதால் இங்கே அவரவர் வீட்டு வாசலில்தான் புதைப்பார்கள். கடல் நெருங்கினால் அந்தந்த வீட்டார் கல்லறையைத் தோண்டிப் பின்னால் கொண்டுவந்து வைப்பார்கள். என் அப்பா தன் அப்பாவை அப்படித்தான் நகர்த்தினார். ரூத் ஆன் 87-ல் மூளைக் காய்ச்சலில் போனாள், நாலு வயது. 2003 புயலில் கரை உடைந்து கடல் அவளுக்கு ஆறடி தூரத்தில் வந்து நின்றது. நோரீன் அப்போது அக்கரையில், ஆஸ்பத்திரியில் அவள் அம்மாவோடு இருந்தாள். நான் மண்வெட்டியோடு போனேன். மூடியிருந்த சிமெண்டுப் பலகையின் ஓரத்தில் கை வைத்தேன்.

முடியவில்லை. அந்தப் பெட்டியைப் பார்க்க என்னால் முடியவில்லை, அவ்வளவுதான். கல்லை மட்டும் பிடுங்கி இருபது தப்படி பின்னால் நட்டேன். கீழே புதிதாக ஒரு சிமெண்டுப் பலகை ஊற்றினேன். நோரீன் வந்ததும் மாற்றிவிட்டேன் என்றேன். என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

இரண்டே குளிர்காலத்தில் பழைய இடம் தண்ணீருக்குள் போய்விட்டது. பதினோரு வருஷமாக வெறும் மண்ணுக்குப் பூ வைத்துக்கொண்டிருக்கிறாள்.

மே 12

டாக்டர் வெய்ஸ் என்று ஒரு அம்மாள், பல்கலைக்கழகத்து மண் ஆராய்ச்சிக்காரி, என் படகை மூன்று நாளைக்கு வாடகைக்குப் பேசியிருக்கிறாள். விரிகுடா அடியில் நீளக் குழாயை இறக்கிச் சேறு எடுக்கிறாள். நடுவில் ஓடும் ஆழக் குழி எங்கே ஆரம்பிக்கிறது என்று எனக்குத் தெரியும் என்பதால் என்னைப் பிடித்தார்களாம். யாருக்குத்தான் தெரியாது? குளிரில் நண்டு போய்ப் புதையும் இடம்.

மே 13

அந்தக் குழிதான் பழைய சஸ்குவஹானா ஆறு. பல ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் வடக்கே பனிக்கட்டி உருகிக் கடல் ஏறி, வாய்க்கால் வாய்க்காலாகப் பள்ளத்தாக்கை மூழ்கடித்தது. நாம் விரிகுடா என்று சொல்வது அந்த மூழ்கிய பள்ளத்தாக்கைத்தான். பள்ளிக்கூடத்தில் படித்ததுதான், காதில் ஏறியதில்லை.

இன்று குழிக்கரையில் எடுத்த குழாயைப் பிளந்து காட்டினாள். மேலே சாம்பல் சேறு, அப்புறம் சிப்பி ஓடு, அதற்கும் கீழே கறுப்பாகப் புல்வேர். அடியில் ஆற்றுக் கூழாங்கல். வேரை முகர்ந்து பார்த்தேன். என் வீட்டு வாசல் நாற்றம்.

ஒரே நாளில் வந்த வெள்ளம் இல்லையாம். ஒரு ஆள் ஆயுசில் முழங்கால் உயரம்கூட ஏறியிருக்காது, ஜனங்கள் கொஞ்சம் கொஞ்சமாக மேட்டுக்கு நகர்ந்திருப்பார்கள் என்றாள்.

"செத்தவங்கள என்ன பண்ணியிருப்பாங்க?" என்று கேட்டேன்.

"அவ்வளவு பழைய ஆளுங்க சங்கதி யாருக்கும் தெரியாது, கேப்டன். ஆனா இந்தக் கரையில இருந்த நான்டிகோக் பழங்குடி ஜனங்க ஊரை விட்டுப் போனப்ப, செத்தவங்க எலும்ப மூட்டையாக் கட்டித் தூக்கிட்டுப் போனாங்க. பாத்தவங்க எழுதி வச்சிருக்காங்க."

அவர்கள் சுமந்து போனார்கள். நான் ஒரு பலகையைக்கூடத் தூக்கவில்லை.

மே 15

தோண்டுவதற்குப் பக்கத்து வீட்டு வில்பரை வரச் சொல்லிவிட்டாள் நோரீன், சனிக்கிழமை காலை. வைத்து எடுத்துப்போகச் சின்னப் பெட்டிக்கும் சொல்லியாயிற்று. நல்ல பீங்கான் தட்டுகளைச் செய்தித்தாளில் சுற்றி அட்டைப்பெட்டியில் அடுக்குகிறாள். பாட்டு வேறு முணுமுணுக்கிறாள்.

மே 16

இன்று சொல்லிவிட வேண்டும்.

சொல்லவில்லை.

மே 17, சனி

வில்பர் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு கேட்டைத் திறக்கும்போது நோரீனிடம் சொன்னேன். வேறு வழி இல்லாமல் சொன்னேன். அதில் பெருமைப்பட ஒன்றும் இல்லை. வில்பர் தொப்பியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே திரும்பிப் போய்விட்டான்.

நோரீன் கல்லைப் பார்த்தாள்.

"பதினோரு வருஷம் நான் யாருகிட்ட பேசிட்டிருந்தேன், எல்டன்?"



மே 18, ஞாயிறு

சர்ச்சில், லூயிஸ் தீவில் இருந்தபோது உட்காரும் இடத்தில் போய் உட்கார்ந்தாள். என் பக்கத்தில் வரவில்லை.

மே 20

காலையில் என்னுடைய ரப்பர் கால்சட்டையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். "காட்டு" என்றாள். ஐந்து நாளில் அந்த ஒரு சொல்தான் — இல்லை, மூன்று நாள்தான். ஐந்து போல இருந்தது.

தண்ணீர் வற்றியிருந்தது. சின்னப் படகில் போனோம். கழியால் குத்திக் குத்திப் பார்த்தேன். சேறு, சேறு, பிறகு 'டக்'. அவள் இறங்கினாள். இடுப்பளவு தண்ணீர். காலால் பலகையின் நான்கு ஓரத்தையும் தடவிப் பார்த்தாள். ரொம்ப நேரம் நின்றாள். நானும் இறங்கினேன், ஆனால் பலகை மேல் ஏறவில்லை.

கிரேன் வைத்த படகைக் கூப்பிட்டால் தூக்கலாம் என்றேன்.

"இனி அவளத் தொடாதே."

திரும்பும்போது டாக்டர் வெய்ஸ் சொன்னதைச் சொன்னேன், ஜனங்கள் மேட்டுக்கு நகர்ந்துகொண்டே போன கதையை. எதற்குச் சொன்னேனோ, நாமும் போகலாம் என்பதற்காகத்தான் இருக்கும்.

"எல்லாரும் போனாங்கன்னு அந்தம்மாவுக்கு எப்படித் தெரியும்?" என்றாள். "ஒருத்தியாவது போகாம இருந்திருப்பா."

மே 21

லூயிஸுக்கு இரண்டு வரி எழுதிப் போட்டேன், வரவில்லை என்று.

நோரீன் அட்டைப்பெட்டியைப் பிரித்துத் தட்டுகளை ஒவ்வொன்றாக என்னிடம் நீட்டினாள். வழக்கமான இடத்தில் வைக்கப் போனேன். மேல் அலமாரியில் வை என்றாள், கீழே வைத்தால் நனையுமாம்.