பாதிச் சுற்றளவு

வேலம்பாளையம், 12.6.1967

பொங்கலூரில் தன் அம்மா வீட்டில் இருக்கும் என் மனைவிக்கு,

கல்லூரிக் கணக்கு நுழைவுத் தேர்வின் வினாத்தாளில் நீ குறித்து வைத்த விடைகளைச் சரிபார்த்தேன். ஏழு அங்குல ஆரமுள்ள உருளைக்குச் சுற்றளவு நாற்பத்து நான்கு. நீ இருபத்திரண்டு என்று போட்டிருக்கிறாய். குழாயாக வரும் பனியன் துணியைத் தட்டையாகப் போட்டுப் பாதியை மட்டும் அளக்கிற, நீ வேலை பார்த்த கம்பெனியின் புத்தி. மெஷின் மெக்கானிக் நானே அப்படிச் செய்யமாட்டேன்.

இருந்தாலும் கோவைக் கல்லூரியில் உனக்கு இடம் கிடைத்துவிட்டது. கடிதம் இன்று வந்தது.

"கட்டிக்கிட்டு வந்த புள்ளைய ஆராச்சும் ஹாஸ்டலுக்கு அனுப்புவாங்களா?" என்றாள் என் அம்மா.

"நான் படிக்கப் போனப்ப இப்படிக் கேக்கலீங்களே" என்றேன்.

எழுந்து போனவள், சாயங்காலம் உன் சேலைகளை டிரங்குப் பெட்டியில் மடித்து வைத்துக்கொண்டிருந்தாள்.

சோறு வடிக்கப் பழகிவிட்டேன். குழம்பு இன்னும் வரவில்லை.

வருகிற திங்கட்கிழமை காலை பெட்டியோடு பல்லடம் பஸ் ஸ்டாண்டில் நிற்பேன். அங்கிருந்தே கோவைக்குப் போய்விடலாம். நீ வீட்டுக்கு வந்தால் நான் அனுப்பமாட்டேன்.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்